பாட்டி கேட்ட வெள்ளம்

குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 36. முந்திரி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். தலைச்சுமடாக மீன் விற்று ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய தன் பாட்டியின் வாழ்க்கையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்று வருட உழைப்பு. முதலில் நோட்டில் எழுதி, பிறகு கைபேசியில் தட்டச்சு செய்ததில் 210 பக்கம் வந்திருக்கிறது.

பள்ளியில் தமிழ் நடத்திய, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஆசிரியரிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தாராம். பத்து நாள் கழித்துப் பக்கமெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது. "பக்கத்துக்கு நாற்பது பிழை. முதலில் இலக்கணம் படி, அப்புறம் எழுது" என்று மேலே ஒரு குறிப்பு. உடன் வேலை செய்யும் தோழியோ, "கதைக்கு எதுக்கு இலக்கணம்? மனசுல வர்றத அப்படியே எழுது, மிச்சத்த புக் போடுறவங்க பாத்துப்பாங்க" என்கிறார். இதற்கு நடுவே தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்திருக்கிறார். 25,000 ரூபாய் கொடுத்தால் நாவல் முழுவதையும் நல்ல தமிழில் மாற்றித் தருவாராம், அட்டையில் அவர் பெயரும் வர வேண்டுமாம்.

"அக்கா, இலக்கணம் தெரியாதவள் நாவல் எழுதலாமா? பாட்டி பேசுவதையெல்லாம் நல்ல தமிழில் மாற்றிவிடட்டுமா? அந்த ஆளிடம் கொடுக்கலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

நாகர்கோவிலில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிரதி திருத்துவதுதான் என் தொழில். அந்த முறையில் பதில் சொல்கிறேன்.

நீங்கள் இணைத்திருந்த நான்கு பக்கங்களையும் இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சிவப்பு மையைக் கண்டுகொள்ளாமல், அடுத்த தடவை சிவப்பு மையை மட்டும். நாற்பது என்று சார் சொன்னது கோபத்தில் வந்த கணக்கு. முதல் பக்கத்தில் அவர் கோடு போட்ட இடங்களை எண்ணினேன், 31 இருந்தது. அதில் 19 பிழையே இல்லை. மீதி 12-ம் பிழைதான், அதில் சாருக்கு என் முழு ஆதரவு உண்டு. அவர் கண்ணில் படாமல் போன இரண்டை நான் கண்டுபிடித்தேன், அதையும் கீழே சொல்கிறேன்.

பாட்டிக்கும் இலக்கணம் உண்டு

முதல் பக்கத்தில் பாட்டி மீன் கூடையை, நம் பேச்சில் கடவத்தை, இறக்கி வைத்துவிட்டு உங்கள் அம்மாவிடம் சொல்கிறாள்: "எனக்க மோளே, இத்திரி வெள்ளம் தா. தொண்ட காஞ்சு போச்சி." சார் அதை அடித்துவிட்டு மேலே எழுதியிருக்கிறார்: "என் மகளே, சிறிது தண்ணீர் தா. தொண்டை வறண்டுவிட்டது."

இரண்டாவது வரியில் தாகமே இல்லை. பத்து மைல் நடந்து வந்த ஒருத்தி "சிறிது தண்ணீர் தா" என்று கேட்பாளா? திருவள்ளுவர் சிலையைப் பார்க்க வந்த பயணிகூடக் கேட்க மாட்டார்.

ஆனால் நீங்களும் கடிதத்தில் ஒன்று தப்பாக நினைத்திருக்கிறீர்கள். "பாட்டி பேச்சில் இலக்கணம் கிடையாது, ஆனாலும் உயிர் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உயிர் இருப்பது சரி. இலக்கணம் கிடையாது என்பதுதான் தவறு. 'எனக்க' என்பதையே எடுத்துக்கொள்வோம். எனக்க வீடு, உனக்க மோன் (மகன்), அவளுக்க கடவம், ராசனுக்க வள்ளம் (படகு). உடைமையைச் சொல்ல வேண்டுமென்றால் 'க்க' வரும். கொடுப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் 'எனக்குத் தா', அங்கே 'க்கு' வரும். பள்ளிக்கூடமே போகாத உங்கள் பாட்டி இந்த இரண்டையும் ஒரு நாளும் மாற்றிப் போட மாட்டார். அதேபோல்தான் போக வேண்டாம், செய்ய வேண்டாம் என்பதற்கு 'போவாண்டாம்', 'செய்யாண்டாம்'. இதெல்லாம் எழுதி வைக்கப்படாத விதி, அவ்வளவுதான்.

இந்த விதியை உங்கள் பிரதி மீறியிருக்கிறது. சார் கவனிக்காத முதல் பிழை இதுதான். இரண்டாம் பக்கத்தில் பாட்டி, "எனக்கு வள்ளம் போச்சி" என்று அழுகிறாள். நீங்கள் 'எனக்க' என்றுதான் அடித்திருப்பீர்கள், கைபேசி தானாக 'எனக்கு' என்று திருத்தியிருக்கும். அந்த ஒரு எழுத்தில் பாட்டி பாட்டியாக இல்லாமல் போய்விட்டாள். கைபேசியில் தானாகத் திருத்தும் வசதியை இன்றைக்கே அணைத்து வையுங்கள். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் உரையாடல் பகுதிக்கு உதவாது. அதன் கண்ணுக்கு நம் ஊரே பிழைதான்.

சாரிடம் பேச உங்களுக்கு ஒரு பிடி தருகிறேன். இலக்கண நூல்களே திசைச்சொல் என்று ஒரு வகையை வைத்திருக்கின்றன. செந்தமிழ் நிலத்தை ஒட்டிய பன்னிரு நிலங்களின் சொற்களை நன்னூல் அந்த வகையில் சேர்க்கிறது. அந்தப் பன்னிரண்டும் எவை என்று உரைகளில் ஒரு பழைய வெண்பா எண்ணிச் சொல்லும். தென்பாண்டி, குட்டம், குடம் என்று போகும் அந்த வரிசையில் 'வேண்' என்று வேணாடும் வரும். பத்மநாபபுரம் கோட்டை இருக்கும் நம் கல்குளம் பக்கமெல்லாம் பழைய வேணாடுதான். இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் மீன் ஏலக்காரன் "உனக்க தள்ளய விளி" என்று சொல்லும் இடத்தில், 'தள்ள' என்பதைச் சார் இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'கொச்சை' என்று எழுதியிருக்கிறார். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள் என்று திசைச்சொல்லுக்கு உதாரணம் காட்டியவர்கள் பழைய உரையாசிரியர்கள். சார் அதைப் பாடமாக நடத்தியிருப்பார். ஏலக்காரன் வாயில் வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

சாரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். ஒரு பெரியவருடைய சிறுகதைத் தொகுப்பில் கிழவி ஒருத்தி 'சவத்தெளவு' என்று அலுத்துக்கொள்ளும் இடத்திலெல்லாம் 'பாழாய்ப்போன' என்று மாற்றி, பெருமையாகத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் வந்தார். கோபமே இல்லை. "மோளே, எனக்க ஆச்சிய நீ கான்வென்டுக்கு அனுப்பிட்டியே" என்றார். அந்தத் தொகுப்பை முதலிலிருந்து மறுபடி பார்த்துக் கொடுத்தேன், கூலி வாங்காமல்.

நம் பேச்சில் எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது, விருது கிருது எதுவும் வராது என்று ஒரு பயத்தையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முகமது மீரான், மலையாளமும் அரபும் கலந்த கடற்கரைத் தமிழில்தான் எழுதினார். 1997-இல் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. விருதுக்காக எழுதச் சொல்லவில்லை, அந்தப் பயத்தை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

புரியாது என்பதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. கோயம்புத்தூர்க்காரர் "வெள்ளம் தா" என்று வாசித்தால் ஒரு கணம் மழை வெள்ளத்தைத்தான் நினைப்பார். அதற்காகப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு 'தண்ணீர்' என்று எழுதாதீர்கள். அடுத்த வரியில் அம்மா செம்பை நீட்டட்டும், பாட்டி அண்ணாந்து குடிக்கட்டும். மூன்றாவது தடவை வரும்போது கோயம்புத்தூர்க்காரரும் வெள்ளம் குடிக்கத் தொடங்கியிருப்பார். சொல் அகராதியைக் கடைசிப் பக்கத்தில் கொடுப்பதில் தப்பில்லை. முப்பது சொல்லைத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

கடலையும் கடலும்

இனி அந்த 12 பிழைகளும், அவற்றைப்போல மற்றப் பக்கங்களில் இருப்பவையும். இங்கே உங்கள் தோழி சொன்னது உதவாது. ஏனென்றால் இவை எல்லாமே பாட்டி பேசாத இடத்தில், நீங்கள் கதை சொல்லும் இடத்தில் இருக்கின்றன.

அத்தியாயத்தின் கடைசி வரி, உங்களுக்கு ரொம்பப் பிடித்த வரி என்று கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள்: "விடியும்வரை பாட்டி கடலை பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்." மகன் கடலில் காணாமல் போன இரவு. வாசகர் தொண்டை அடைத்துப்போக வேண்டிய இடம். ஒரு 'ப்' விட்டுப்போனதால் பாட்டி விடியவிடிய வேர்க்கடலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கடலைப் பார்த்தபடி" என்று எழுதினால்தான் அது கடல். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் க, ச, த, ப மிகும் என்று பள்ளியில் உருப்போட்டோமே, அதற்கு வேலை இந்த மாதிரி இடங்களில்தான்.

ஒற்று எல்லா இடத்திலும் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பெரும்பாலான வாசகர்கள் நின்று பார்க்க மாட்டார்கள், அச்சுக்குப் போகும் முன் என்னைப் போல ஒருத்தி சரிசெய்துவிடுவாள். ல, ள, ழ மாறுவது, ர, ற மாறுவது அப்படி அல்ல. "கறையில் வள்ளம் ஏறியது" என்று முதல் பக்கத்திலேயே இருந்தால், பதிப்பகத்தில் வாசிப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாரா என்பது சந்தேகம். அவருடைய மேசையில் இன்னும் பத்துப் பிரதி காத்திருக்கும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. சார் கவனிக்காத இரண்டாவது பிழை: "அப்பா வலையை இழுத்து வாளை துள்ளியது." வாசித்ததும் ஏதோ இடறுகிறது, இல்லையா? 'இழுத்து' என்ற எச்சத்தைக் கேட்டதும் இழுத்தவரே அடுத்த வினையையும் செய்வார் என்று தமிழ்க் காது காத்திருக்கும். இழுத்துப் போட்டார், இழுத்துக் கட்டினார் என்பதுபோல. அங்கே திடீரென்று மீன் வந்து துள்ளினால் வாக்கியம் கவிழ்ந்துவிடுகிறது. ஆள் மாறும்போது எச்சமும் மாற வேண்டும்: "அப்பா வலையை இழுக்க, வாளை துள்ளியது." அல்லது "இழுத்ததும்." 'மழை பெய்து நெல் விளைந்தது' என்ற விதிவிலக்கும் உண்டு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கும்போது காது அதை ஒப்புக்கொள்ளும். உங்கள் நான்கு பக்கத்தில் இந்த இடறல் ஐந்து தடவை வருகிறது. 210 பக்கத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கணக்கு உங்கள் தொழில்தானே. வாசகருக்கு இலக்கணம் தெரிய வேண்டும் என்றில்லை, காரணம் தெரியாமலே களைத்துப்போவார்.

'ஒரு இரவு' என்பதை 'ஓர் இரவு' என்று சார் ஆறு இடத்தில் மாற்றியிருக்கிறார். கதை சொல்லும் பகுதியில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வைத்தால் எல்லா இடத்திலும் வையுங்கள். பேச்சில் வேண்டாம். எனக்கு அதில் தூக்கம் கெடாது.

கதையைச் சொல்வது யார்?

உங்கள் பிரதியில் உண்மையிலேயே திணறும் இடம் இதுதான். முதல் பக்கத்தில் கதை சொல்லும் குரல், "ஆலய மணி ஒலித்தது. தந்தை இன்னும் கரை திரும்பவில்லை" என்கிறது. மூன்றாம் பக்கத்தில் அதே குரல், "மணி அடிச்சாச்சு, அப்பன் இன்னும் கரைக்கு வரல்ல" என்கிறது. இரண்டும் நல்ல வாக்கியம். ஆனால் இரண்டையும் சொல்பவர் ஒரே ஆளா? உரையாடலில் 'வரல்ல' என்று இருந்தால் அது அந்த ஆளின் பேச்சு என்று வாசகருக்குத் தெரியும். கதை சொல்பவர் காரணமில்லாமல் அப்படி மாறினால், எழுதியவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். நீங்கள் வேண்டுமென்றே செய்ததுகூட அப்போது பிழைக் கணக்கில் போய்விடும்.

அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். பேத்திதான் கதை சொல்கிறாள், அவள் கல்லூரியில் படித்தவள். ஆகவே கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கலாம். 'தந்தை', 'ஒலித்தது' என்றெல்லாம் உயரத் தேவையில்லை, 'அப்பா', 'அடித்தது' போதும். கரமடி (கரைவலை), கச்சான் (மேல்காற்று), கடப்புறம் (கடற்கரை) போன்ற சொற்கள் அவள் வாயிலும் இயல்பாக வரும், அவற்றுக்கு மேற்கோள் குறி போடாதீர்கள். முழுக் கதையையும் பாட்டியே தன் வாயால் சொல்வதுபோல எழுதுவது இன்னொரு வழி. அது அழகாக இருக்கும், ஆனால் 210 பக்கத்துக்கு ஒரே குரலை நழுவவிடாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் நாவலுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே ஒரு அத்தியாயம், அந்தக் காணாமல் போன இரவு மட்டும், பாட்டியின் வாயால் வரட்டுமே. எழுதிப் பாருங்கள், சரிவரவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம். நான்காம் பக்கத்தில் தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் வருகிறார். அவரும் 'பறஞ்சான்', 'இத்திரி' என்று உங்கள் கடற்கரைப் பேச்சே பேசுகிறார். விளவங்கோடு பக்கத்தில் 'பறஞ்சான்' என்றால், தோவாளைக்காரர் வாயில் 'சொன்னான்'தான். ஆளைக் கூப்பிட அவருக்கு நாஞ்சில்நாட்டு 'வே'யும் 'டே'யும் வேண்டும். ஒரு மாவட்டம்தான், ஆனால் ஆரல்வாய்மொழியில் பேருந்து ஏறி களியக்காவிளையில் இறங்குவதற்குள் பேச்சு எத்தனை தடவை மாறும் என்று உங்களுக்கே தெரியும். தோவாளைச் சந்தையில் ஒரு காலை வேளை சும்மா நின்று கேளுங்கள்.

25,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்

கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. நாவல் முழுவதையும் நல்ல தமிழில் மாற்றுகிறேன் என்பவர் அந்தத் தாகத்தைத் தண்ணீராக மாற்றப் போகிறவர். உங்களுக்குத் தேவை பிரதியைச் செம்மை செய்பவர். அவர் கதை சொல்லும் பகுதியின் பிழைகளைத் திருத்துவார், உரையாடலில் சந்தேகம் வந்தால் உங்களைக் கேட்பார். யாராக இருந்தாலும் முதலில் ஐந்து பக்கம் கொடுத்து, திரும்பி வந்ததை வாசித்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பிழை திருத்தியதால் ஒருவர் இணை ஆசிரியர் ஆகிவிட மாட்டார். நன்றியுரையில் ஒரு வரி போதும். ஆனால் முழுவதையும் அவர் திரும்ப எழுதிவிட்டால், நானும் எழுதியதுதான் என்று நாளைக்கு வாதாட இடம் கிடைத்துவிடும். எனவே என்ன வேலை, என்ன கூலி, நாவலின் மேல் அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுதிய அன்றே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும்கூட, இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது 19-ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். 'உரையாடலில் மாற்றம் செய்வதானால் ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் சேர்ப்பார்கள், கேட்காவிட்டால் யாருக்கும் நினைவு வராது. ஒப்பந்தத்தில் சிக்கல் தெரிந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், என் வேலை காற்புள்ளிவரைதான்.

சாரிடம் சண்டை வேண்டாம். பத்து நாள் உட்கார்ந்து, ஒரு பைசா வாங்காமல், ஒற்று ஒற்றாகப் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த அத்தியாயத்தைக் கொடுக்கும்போது உரையாடலையெல்லாம் மஞ்சள் நிறத்தில் கோடிட்டுக் கொடுங்கள். "சார், மஞ்சள் பக்கம் பாட்டியோட பொறுப்பு, மிச்சம் உங்க பொறுப்பு" என்று சொல்லுங்கள். சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

உரையாடலைச் சரிபார்க்க என்னைவிட, சாரைவிட நல்ல ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பாட்டிக்கு 84 வயது, காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாலையில் ஒரு பத்துப் பக்கம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் இடைமறிக்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் பக்கத்தின் அடியில் சார் அடிக்காமல், வெறும் வினாக்குறி மட்டும் போட்டு விட்டுவைத்த ஒரு சொல் இருக்கிறது: 'நீவாடு'. கடல் நீரோட்டம் என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் சொல்லத் தெரியாது. முதலில் அதைக் கேளுங்கள்.